சம்பந்தி ஒட்டாத ஸ்டிக்கர்

ஜனவரி 9

தலைமைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நம் கார் பந்தய கிளப்பின் செயலாளர் சொன்னார். ஆட்சேபணை இருந்தால் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆய்வாளர் பெயருக்குத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். அனுப்புகிறேன். ஆனால் இதற்குமேல் உங்களைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு மருமகளைக் கொடுத்த மனிதரை 'ஆய்வாளர் அவர்களே' என்று கூப்பிட என் நாக்கு வளையாது.

சம்பந்தி, போன ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் தவளையைப் பரிசோதித்துவிட்டு, 'ஓடலாம்' என்கிற ஸ்டிக்கரை ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். எட்டு வருஷமாக அந்தப் பச்சை வண்டியைச் சின்ன வண்டி வகுப்பில் ஓட்டுகிறேன். கியர் மாற்றினால் துள்ளும், அவ்வளவுதான் அதன் குற்றம். ஒரு முறைகூடக் கவிழ்ந்ததில்லை. ஒரு முறைகூட ஜெயித்ததும் இல்லை. இரண்டுக்கும் சாட்சி உண்டு.

புது விதியை நீங்கள் வாசித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பெல்ட் செய்த தேதியிலிருந்து ஐந்து வருஷம் தாண்டக் கூடாது. ஹெல்மெட் பத்து வருஷம். போதாததற்கு, தோளில் மாட்டி ஹெல்மெட்டோடு கோக்கிற கழுத்துத் தாங்கி ஆளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தவளையின் விலையைவிட அதிகம் வருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எங்கள் வகுப்பில் பதினோரு வண்டிகள். ரொட்டிக்கடைக்காரர், கணக்கு டீச்சர், பல் டாக்டர், நான். யாரும் கோடீஸ்வரர் இல்லை. பல் டாக்டர்கூட இல்லை, அவரே சொன்னார். மாதம் ஒரு ஞாயிறு வண்டி ஓட்டிவிட்டு மறுநாள் காலை கடையைத் திறக்கிறவர்கள் நாங்கள். ஏப்ரல் 19 முதல் பந்தயம். எட்டு வண்டிக்குக் குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவார்களாம். உங்கள் விதிப்படி ஒரு வண்டிகூடத் தேறாது. ஆக, எங்களுக்கு மூடுவிழா.

கடைசியாக என் தையல் விஷயம். இருபத்தாறு வருஷமாக வண்டி சீட் தைக்கிறேன். பஸ், லாரி, பல் டாக்டரின் நாற்காலி வரைக்கும் என் கை பட்டதுதான். பெல்ட் ஓரம் நைந்ததும் நானே இரட்டைத் தையல் போட்டேன். அதை நீங்கள் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுல தேதி எங்கம்மா?" என்றீர்கள். தேதி போட்ட துணிச்சீட்டு கழுத்தில் உறுத்தியது. சட்டையில் இருப்பதைக் கத்தரிக்கிற மாதிரி கத்தரித்துவிட்டேன். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

போனில் பேசியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரி என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியைக் கவிழ்த்தீர்களே, அதற்குப் பிறகு என் மகனும் உங்கள் மகளும் சேர்ந்து, பந்தயப் பேச்சு போனில் கூடாது என்று நமக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்களும் விதி போட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் உங்கள் ரத்தம்.

இப்படிக்கு,
தவளையின் சொந்தக்காரி

*

ஜனவரி 16

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஒன்பதாம் தேதியிட்ட தங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. முதலில் ஒரு திருத்தம். உப்பு ஜாடி என் கை பட்டுக் கவிழவில்லை. மாப்பிள்ளையின் முழங்கை பட்டுக் கவிழ்ந்தது. நான் மேஜையைத் தட்டியது உண்மை. தட்டியதற்கும் கவிழ்ந்ததற்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி இருந்தது.

இந்த விதியை நான் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதவில்லை. மேலே மோட்டார் பந்தயச் சங்கத்திலிருந்து வந்தது. இதை அமல்படுத்தாவிட்டால் காப்பீடு கிடையாது, காப்பீடு இல்லாமல் டிராக்கின் கேட்டைத் திறக்க மாட்டார்கள். உங்கள் பதினோரு வண்டி மட்டுமல்ல, எல்லா வண்டியும் வீட்டில்தான் நிற்கும்.

முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தேன். கயிற்றுக்கு நாள் முடிந்தால் சீல் வைத்துவிடுவேன். ஆறு மாடி ஏறி இறங்கிய பெரியவர்கள் என் காது படவே என்னைச் சபித்திருக்கிறார்கள். சபித்தவர்கள் எல்லோரும் உயிரோடுதான் சபித்தார்கள். எனக்கு அது போதும்.

உங்கள் தையலைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு நேரான தையலை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கே சொல்ல நினைத்தேன். முப்பது பேர் முன்னால் சொன்னால் சம்பந்திக்குச் சலுகை காட்டுகிறேன் என்பார்களோ என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஒரு யோசனை. என் பழைய அலுவலகத்தில் கயிறுகளை இழுத்துப் பார்க்கிற இயந்திரம் இருக்கிறது. உங்கள் பெல்ட்டை எனக்கு அனுப்புங்கள். உங்கள் பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். இயந்திரம் சொல்லட்டும்.

மகளை நலம் கேட்டதாகச் சொல்லவும். சனிக்கிழமைகளில் போன் எடுப்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

தங்கள்,
சம்பந்தி (ஆய்வாளர்)

*

ஜனவரி 22

சம்பந்தி அவர்களுக்கு,

பார்சலில் பெல்ட் இருக்கிறது. துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுப் பொருள் வெளியே போகும்போது அழுக்காகப் போகாது.

பந்தயம் கட்டுவோம். பெல்ட் தாங்கினால், வர்ற கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீங்களே தவளைக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தத் தையல் பேச்சையும் மைக்கில் சொல்ல வேண்டும். தாங்கவில்லையா, நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன். மூச்சு விட மாட்டேன். என் தையல் மிஷின் மேல் சத்தியம்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டும் இல்லை, எங்கள் வகுப்பில் இன்னும் ஆறு பேருக்கு அதே மாதிரி தைத்துக் கொடுத்திருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரர் கூலிக்குப் பதிலாக ஒரு மாதம் ரொட்டி கொடுத்தார். அதனால் இயந்திரத்தில் போடும்போது ஏழு பேருடைய மானமும் அதில் தொங்குகிறது என்று நினைத்துப் போடுங்கள்.

மருமகள் நலம். சனிக்கிழமைகளில் என்னோடுதான் இருக்கிறாள். புது வேலை ஒன்று கற்றுக்கொள்கிறாள். கையில் வேகம் இருக்கிறது, அது மட்டும் சொல்வேன்.

ஜெயிக்கப் போகிற,
சம்பந்தியம்மா

*

பிப்ரவரி 5

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நேற்றுக் காலை பெல்ட்டை இயந்திரத்தில் போட்டோம். தாங்க வேண்டிய இழுப்பில் பாதிகூட வரவில்லை. கிழிந்துவிட்டது. ஆனால் உங்கள் தையல் விடவில்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. தையல் போட்ட கோட்டின் வழியாகவே நாடா காகிதம் மாதிரி கிழிந்தது.

இயந்திரத்தை இயக்குகிறவர் பூதக்கண்ணாடியில் காட்டினார். வருஷக்கணக்காக வெயில் பட்டு நாடா உள்ளே செத்துப்போயிருந்தது. பார்க்கப் பளபளப்பு, உள்ளே பொடி. அதன் மேல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் நாடாவின் இழைகளைக் கொஞ்சம் அறுத்திருக்கிறது. எத்தனைக்கு எத்தனை நெருக்கமாகத் தைத்தீர்களோ, அத்தனைக்கு அத்தனை பலம் போயிருக்கிறது. சீட்டுக்கு எது நல்ல தையலோ, அதுவே பெல்ட்டுக்குக் கேடு. இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் நேற்றுவரை தெரியாது. தேதியைத்தான் பார்த்தேன், ஓட்டையை நான் யோசிக்கவே இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவில்லை. எட்டு வருஷமாக நீங்கள் இதைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினீர்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

துண்டுகள் இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். அந்த ஆறு பேரிடமும் தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சம்பந்தி

*

பிப்ரவரி 9

சம்பந்தி,

துண்டுகள் வந்தன. தையல் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை என்று நீங்கள் எழுதியது என்மேல் இரக்கப்பட்டு எழுதியது என்று நினைத்தேன். நிஜமாகவே பிரியவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

கத்தரியை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனேன். ஆறு பெல்ட்டையும் என் கையாலேயே வெட்டினேன். பல் டாக்டர், "சொத்தைன்னு தெரிஞ்சா வெச்சிருக்கக் கூடாது, பிடுங்கிடுங்க" என்றார். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் ஒரு மாத ரொட்டியைத் திரும்பக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாக்குப்படி மூச்சு விட மாட்டேன். விதி சரி, நான் தப்பு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பேச்சு முடிந்தது.

ஆனால் வேறொன்று முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஆறு மாதம் ஆகிறது. மருமகள் சனிக்கிழமைகளில் என்னிடம் கற்றுக்கொள்வது தையல் இல்லை, சம்பந்தி. டிராக்கில் பயிற்சி நாள் அது. போன ஆகஸ்டில் சும்மா வேடிக்கை பார்க்க வந்தாள். "ஒரே ஒரு ரவுண்டு அத்தை" என்றாள். அன்றைக்கே ஏழு ரவுண்டு ஓட்டினாள். நீங்கள் பந்தய நாளுக்கு மட்டும்தான் வருவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களிடம் தானே சொல்வதாக, கொஞ்சம் நாள் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினாள். நானே இழுத்துக் கட்டிவிட்டேன். நல்லா இறுக்கமா இருக்கா என்று நானே கேட்டேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் சம்பந்தியம்மா

*

பிப்ரவரி 28

சம்பந்தியம்மாவுக்கு,

பத்தொன்பது நாள் எழுதாமல் இருந்தேன். முதல் வாரம் கோபம். என் மனைவியிடம் காரணத்தைச் சொல்லாமல் கோபமாக இருந்தேன், அதனால் அவளும் கோபமாகிவிட்டாள். இரண்டாவது வாரம் ராத்திரி கண்ணை மூடினால் அந்த இயந்திரம் இழுத்தது. நாடா கிழிகிற சத்தம் கேட்டது. எனக்கு இருப்பது ஒரே பெண்.

மூன்றாவது வாரம் மகள் வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நான்தான் அத்தைகிட்ட கெஞ்சினேன், என்னைத் திட்டுங்க" என்றாள். திட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திட்டினேன். அவள் அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு மகள், "அப்பா, வளைவுல பிரேக் எப்ப விடணும்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். டம்ளரையும் தட்டையும் வைத்து மேஜைமேல் டிராக் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. கோபம் வரும்போது வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அந்த ஆறு பெல்ட்டை வெட்டியதற்கும்.

ஒரு கேள்வி கேட்க வேண்டும். மகளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஒரு ரவுண்டை அவள் எத்தனை நொடியில் முடிக்கிறாள்?

சம்பந்தி

*

மார்ச் 4

என் அருமைச் சம்பந்தி,

எண்பத்தொன்று! நான் எட்டு வருஷம் தலைகீழாக நின்றும் எண்பத்து நான்குக்குக் கீழே வரவில்லை. உங்கள் மகள் ஆறே மாதத்தில் எண்பத்தொன்று. என் மகனைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு தடவை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தான், பாதி ரவுண்டிலேயே வாந்தி. தவளையை நான்தான் கழுவினேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சீட் தைக்க வந்த லாரிக்காரர் பயந்து வெளியே போய் நின்றார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். விதியை இனி எதிர்க்க மாட்டேன். ஆனால் விதியை ஒத்துக்கொண்டால் பொருள் வந்துவிடுமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதனால் பதினோரு பேரும் ரொட்டிக்கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து கூட்டம் போட்டோம்.

கணக்கு டீச்சர்தான் கண்டுபிடித்தார். டிராக் குறுகல் என்பதால் எங்கள் வகுப்பு எப்போதும் இரண்டு அணியாகத்தான் ஓடும். முதலில் ஆறு வண்டி, பிறகு ஐந்து வண்டி. ஓர் அணி ஓடும்போது மற்ற அணி வளைவுகளில் கொடி பிடித்து நிற்கும். வெறும் கொடி பிடிக்கிறவருக்குக் கழுத்துத் தாங்கி எதற்கு? நிற்கிற வண்டிக்குப் பெல்ட் எதற்கு? பதினோரு செட் வேண்டாம், ஆறு செட் போதும். கிளப் பேரில் வாங்கி, முதல் அணி இறங்கியதும் கழற்றி இரண்டாம் அணிக்கு மாட்டலாம்.

ஆறு செட்டுக்கு வழியும் பார்த்துவிட்டோம். டிராக் முதலாளியின் பார்வையாளர் கூடத்தில் நூற்றெண்பது நாற்காலி கிழிந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் சீட் மாற்றித் தருகிறோம், பதிலுக்கு ஆறு செட் வாங்கிக் கொடுங்கள் என்றேன். உட்கார்ந்து யோசித்தார். உட்கார்ந்த நாற்காலி கிழிந்திருந்தது, அதனால் சீக்கிரம் ஒத்துக்கொண்டார்.

இதற்கு உங்கள் சட்டம் இடம் கொடுக்குமா? கொடுக்காது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சம்பந்தியம்மா

*

மார்ச் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எண்பத்தொன்று என்பதை என் மனைவியிடம் சொன்னேன். அது நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நல்லது என்றேன். அப்படியானால் ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். நேற்று பதில் வந்தது. பொருள் யாருடையது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. ஓட்டுகிறவர் மேல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இடம் உண்டு. மூன்று நிபந்தனைகள் என்னுடையவை.

ஹெல்மெட்டை மாற்றிப் போடக் கூடாது. தலைக்குத் தலை அளவு வேறு. அதை அவரவர் வாங்கத்தான் வேண்டும். பெல்ட் மாட்டுகிற வளையத்தைப் பதினோரு வண்டியிலும் ஒரே மாதிரி போட்டு என்னிடம் காட்ட வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு முறை கழற்றி மாட்டியதும் நான் மறுபடி பார்ப்பேன். பதினோரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்க்க வேண்டும். என் முழங்காலைக் கேட்டேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் பார்ப்பேன்.

நாற்காலி வேலைக்கு ஆள் போதுமா? ஆணி அடிக்க எனக்குத் தெரியும்.

சம்பந்தி

*

ஏப்ரல் 3

சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டு ஞாயிறு வந்து ஆணி அடித்தீர்கள், நேரில் நன்றி சொன்னேன். நேரில் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன். நீங்கள் அடித்த நாற்காலிகளில் பதினான்கை நான் பிரித்து மறுபடி அடித்தேன். ரெக்ஸினை இழுக்காமல் அடித்துவிட்டீர்கள், நடுவில் தொப்பை போட்டிருந்தது. நீங்கள் என் பெல்ட்டை ஒதுக்கியதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஆனாலும் என்ன ஒரு ஞாயிறு! பல் டாக்டர் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு, தன் நோயாளிகள் மாதிரியே கத்தினார். மத்தியானம் ரொட்டிக்கடைக்காரர் கூடை கூடையாகக் கொண்டுவந்தார், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் புது நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து வெறும் டிராக்கைப் பார்த்துக் கைதட்டினோம். எனக்குத் தெரிந்து இந்த வகுப்பு இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை. உங்கள் விதிக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல மாட்டேன்.

ஆறு செட்டும் வந்துவிட்டது. தேதிச்சீட்டுப் பத்திரமாக இருக்கிறது. கடையில் கத்தரியைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சேதி. பத்தொன்பதாம் தேதி தவளையில் என் பேரைக் கொடுக்கவில்லை. உங்கள் மகள் பேரைக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதம் ஒளிந்து ஓட்டினாள், முதல் பந்தயத்தை எல்லாரும் பார்க்க ஓட்டட்டும். நான் மூன்றாம் வளைவில் கொடி பிடிக்கிறேன். அவள் வண்டியையும் நீங்கள்தான் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். முடியாது என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

சம்பந்தியம்மா

*

ஏப்ரல் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அன்று நீங்கள் மூன்றாம் வளைவில் இருந்தீர்கள், அதனால் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

வேறு ஆளை வைக்கவில்லை. நானே பார்த்தேன். தவளைக்குள் குனிந்தபோது மகள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அப்பா மாதிரிப் பேசவில்லை. பெயரைக் கேட்டேன், சொன்னாள். ஹெல்மெட்டைப் பார்த்தேன், கழுத்துத் தாங்கியைப் பார்த்தேன், பெல்ட்டின் தேதியைப் பார்த்தேன். பிறகு தோளில் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் உள்ளே போனால் தளர்வு, போகக் கூடாது. போகவில்லை. மறுபடி பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது, "அப்பா, பின்னாடி அஞ்சு வண்டி நிக்குது" என்றாள்.

ஸ்டிக்கரை ஒட்டினேன். அவளைப் பார்த்துக்கொண்டே ஒட்டியதில் அது கொஞ்சம் கோணலாகிவிட்டது. தவளையில் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பிரித்து மறுபடி ஒட்டாதீர்கள். உங்களைத் தெரியும்.

நான்காவதாக வந்தாள். பதினோரு வண்டி ஓடின, பதினோரு பேரும் தங்கள் காலாலேயே இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணினேன். நீங்கள் கொடியோடு வளைவிலிருந்து ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டபோது, மாப்பிள்ளை புது நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்துவிட்டது என்று நான்தான் போய்ச் சொன்னேன். என் மனைவி கூடத்தில் எழுந்து நின்று, எண்பத்தொன்று நல்ல நேரமாக்கும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

நாம் கட்டிய பந்தயம் பாக்கி இருந்தது. தோற்றது நீங்கள், இருந்தாலும் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே மைக்கை வாங்கி அந்தத் தையல் பேச்சைச் சொன்னேன். இவ்வளவு நேரான தையலை நான் பார்த்ததில்லை என்று. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் சீட்டைப் பார்த்தார்கள். வளைவில் உங்களுக்குக் கேட்டிருக்காது.

கடைசியாக, இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி, புதியவர்கள் தனியாக மூன்று ரவுண்டு ஓட்டிப் பார்க்கிற நாள். முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்களின் லிஃப்டில் ஏறி இறங்கினேன், இருபது வருஷம் மற்றவர்களின் வண்டிக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு முறை உட்கார்ந்து பார்க்கிறேன். என் வண்டிக்கு நானே ஆய்வாளராக இருக்கக் கூடாது என்பதும் விதி. அன்று ஒரு நாளைக்கு அந்தப் பொறுப்பை உங்களுக்குக் கொடுக்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். ஹெல்மெட் புதிதாக வாங்கிவிட்டேன். வண்டிதான் இல்லை.

தவளை கிடைக்குமா?

சம்பந்தி

*

மே 12

மாண்புமிகு புதிய ஓட்டுநர் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாள் ஆய்வாளராக இருந்தவள் மறுநாளுக்கு மறுநாள் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். சட்டம் தெரியாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஹெல்மெட்: புதியது, சரி. கழுத்துத் தாங்கி: சரி. பெல்ட்: தேதி இருக்கிறது, சரி. ஓட்டுநர்: தயாரிப்பு வருஷம் மிகப் பழையது. தேதிச்சீட்டைத் தேடினேன், வீட்டம்மா கையில் இருப்பதாகத் தெரிகிறது. அவர்கள் சம்மதித்ததால் அனுமதித்தேன்.

நேரம்: ஒரு ரவுண்டுக்கு நூற்றுப் பத்து நொடி. ரொட்டி வண்டி இதைவிட வேகமாகப் போகும் என்று அதன் சொந்தக்காரரே சொன்னார். கவலைப்படாதீர்கள். கடைசி ரவுண்டில் மூன்றாம் வளைவில் தவளை துள்ளியது. கொடியைப் பிடித்திருந்த உங்கள் மகள், கொடியோடு சேர்ந்து தானும் துள்ளினாள். ஹெல்மெட்டுக்குள் நீங்கள் என்னவோ கத்தினீர்கள், அவளுக்குக் கேட்டதாம். என்ன என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

புறப்படுவதற்கு முன்னால் உங்கள் தோளில் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஆனால் நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். விடுங்கள் என்றேன். விட்டீர்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினேன். மறுபடி பார்த்தேன். மூன்றாவது முறையும் பார்த்தேன், சம்பந்தி. பின்னாடி யாரும் நிற்கவில்லை.

பிறகு ஸ்டிக்கரை ஒட்டினேன். உங்களுடையதுக்குப் பக்கத்திலேயே, கோணலாக.

இப்படிக்கு,
ஒரு நாள் ஆய்வாளர்